தலைக்கணக்கும் நாங்களும்

2016 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு பின்னேரம். ஸ்காபரோவில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து குடியிருந்த பேஸ்மென்ற் கதவை யாரோ தட்டினார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் சோறு சாப்பிட்டுக் கொண்டிருந்த நேரம். யன்னலால் எட்டிப் பார்த்தால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் நிற்கிறார். தோளிலே ஒரு பை. "கவுண்மேந்து ஆள்" என்றான் எங்களில் ஒருவன். உடனே லைற்றை நிற்பாட்டினோம். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்தபடியே மூச்சுக் காட்டாமல் இருந்தோம். அந்தப் பெண் இன்னும் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு கதவிடுக்கில் ஒரு துண்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கார அண்ணை முன்னரே சொல்லி வைத்திருந்தார். "தம்பியவை, ஆர் வந்து தட்டினாலும் திறக்காதேங்கோ. கீழே ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சால் எனக்குத்தான் கரைச்சல்." அவர் சொல்லாவிட்டாலும் நாங்கள் திறந்திருக்க மாட்டோம்.

அந்தத் துண்டு குடிசன மதிப்புக்கானது என்பது பிறகுதான் விளங்கியது. அந்த ஆண்டுக் கணக்கில் கனடாவின் சனத்தொகை 3 கோடியே 51 இலட்சத்துச் சொச்சம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஆறு பேரின் பெயரும் எந்தப் படிவத்திலும் இருக்கவில்லை. வரி கட்டினோம், வாடகை கட்டினோம், பஸ்ஸில் நெரிபட்டு வேலைக்குப் போனோம். ஆனால் கணக்கிலே நாங்கள் இல்லை.

அன்று லைற்றை நிற்பாட்டியது சரியா, பிழையா என்பதை எங்களுக்குள் பல தடவை கதைத்திருக்கிறோம். அந்தக் கதையின் சாரத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பட்டியல் என்றால் ஏன் பயம்?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களிற் சிலர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தார்கள். எந்த வீதியில், எந்த இலக்கத்தில் தமிழர் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை. எழுதப்பட்டிருந்தது. வாக்குப் போடுவதற்காகக் கொடுத்த பெயர் வீடு எரிவதற்கு வழிகாட்டியது. அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும் கொழும்பில் லொட்ஜில் தங்கியவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வெளியே இறங்க முடியாத நிலை இருந்தது. பெயரைக் கொடுத்தால் ஆபத்து என்ற பாடத்தை எம்மவர் புத்தகத்தில் படிக்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. ஒல்லாந்தில் ஒவ்வொருவருடைய மதத்தையும் முகவரியையும் ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தார்கள். நாட்டை நாசிகள் பிடித்தபோது அந்த ஒழுங்கே யூதர்களுக்கு எமனாகியது. அங்கு வாழ்ந்த யூதர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் மாதத்தில் அம்ஸ்ரடாம் நகரப் பதிவகத்துக்கு ஓர் இரகசியக் குழு நெருப்பு வைத்தது. அந்தக் குழுவில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் இருந்தார்கள். கடதாசி எரிந்தால் உயிர் தப்பும் என்ற கணக்கு அது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 1942 இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தெந்தப் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்பதை 1940 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக் கணக்கிலிருந்துதான் எடுத்தார்கள்.

ஜேர்மனியில் இருக்கும் எங்கள் உறவினர் இன்னொரு கதை சொல்லுவார்கள். அங்கே 1983 இல் நடக்க இருந்த குடிசன மதிப்பை மக்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். தன்னைப் பற்றிய விபரம் யாருக்கு, எதற்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தனிமனிதருக்கு உண்டு என்று அந்த ஆண்டு டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்தி, 1987 இல்தான் கணக்கெடுப்பை நடத்தினார்கள். ஆகவே கேள்வி கேட்பது எங்களுடைய குணம் மட்டுமல்ல. பட்டியலைப் பார்த்துப் பயந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

ஊரிலே எண்ணிய கதை

இலங்கையில் முறையான முதலாவது குடிசன மதிப்பு 1871 இல் நடந்தது. அப்போது தீவு முழுவதிலும் 24 இலட்சம் பேர். 1901 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு தமிழர், சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1911 இல் ஒரு மாற்றம் வந்தது. தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு கூட்டில் பிரித்து எண்ணினார்கள். படிவத்தில் இரண்டு கூடு போடுவது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இலட்சக் கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். படிவம்தான் அந்தப் பிரிவினையை உண்டாக்கியது என்று சொல்லவில்லை. ஆனால் எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் எத்தனை பேர் என்பதைப் போலவே முக்கியமானது.

1981 க்குப் பிறகு எங்கள் பகுதிகளில் எண்ணிக்கை நின்று போனது. 1991 இல் நடக்க வேண்டிய மதிப்பு நடக்கவேயில்லை. 2001 இல் 25 மாவட்டங்களில் 18 இல்தான் முழுமையாக எண்ண முடிந்தது. விடுபட்ட ஏழும் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவை. தீவு முழுவதையும் மீண்டும் எண்ணியது 2012 இல். இடையில் 31 வருடங்கள்.

அந்த 31 வருடங்களில் என்ன நடந்தது என்பதை இரண்டு இலக்கங்கள் சொல்லும். 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அப்போது கிளிநொச்சியும் அதற்குள் இருந்தது. 2012 இல் யாழ்ப்பாணத்தையும் கிளிநொச்சியையும் சேர்த்தால் 7 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாடு முழுவதும் சனம் கூடியது. எங்களிடத்தில் குறைந்தது. குறைந்தவர்களில் இதை வாசிக்கும் நீங்களும் எழுதும் நாங்களும் அடக்கம்.

ஆள் குறைந்தால் ஆசனமும் குறையும். அங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்குமான பாராளுமன்ற ஆசனங்களை வாக்காளர் இடாப்பின் தொகையைப் பார்த்துப் பங்கிடுகிறார்கள். 1989 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 11 ஆசனங்கள் இருந்தன. 2010 இல் 9. 2015 இல் 7. 2024 இல் 6. வீடு பூட்டிக் கிடந்தால் வாக்கும் பூட்டிக் கிடக்கும்.

வன்னியில் எண் என்றால் அரிசி

எங்களிற் சிலர் 2009 இல் வன்னிக்குள் இருந்தவர்கள். பள்ளிக்கூடப் படிப்பு அங்கேயே முடிந்து போனது. கணக்கு என்ற பாடத்தை நாங்கள் சரியாக விளங்கிக் கொண்டதும் அங்கேதான்.

ஊரில் விதானையாரிடம் குடும்ப அட்டை இருக்கும். ஒரு குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்று அவர் எழுதுவார். அது கச்சேரிக்குப் போகும். கச்சேரிக் கணக்கைப் பார்த்துத்தான் அரிசி, மா, பருப்பு, மருந்து எல்லாம் வரும். 2009 இன் தொடக்கத்தில் முல்லைத்தீவில் நின்று பணியாற்றிய அரசாங்க அதிகாரி ஒருவரின் கணக்கின்படி உள்ளே அகப்பட்டிருந்தோர் ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். கொழும்பிலோ 70 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்றார்கள். உணவும் மருந்தும் அந்தச் சின்னக் கணக்கைப் பார்த்தே அளந்து அனுப்பப்பட்டன. 2011 இல் வெளியான ஐ. நா. நிபுணர் குழுவின் அறிக்கையிலும் இந்த விடயம் எழுதப்பட்டிருக்கிறது.

யுத்தம் முடிந்து முகாம்களில் எண்ணியபோது 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சொன்ன கணக்கின் நாலு மடங்கு. கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் வயிற்றில் தெரிந்தது.

பிறகு 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. மிச்சம் 1,46,679. இவ்வளவு பேரும் இறந்தார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்கம் தாருங்கள் என்றுதான் கேட்டார். அரசாங்கமே எழுதி வைத்த இலக்கத்தைக் கொண்டு அரசாங்கத்திடமே கேட்ட கேள்வி அது. விதானையார்மார் குடும்ப அட்டையில் எழுதி வைத்திருக்காவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

இங்கேதான் எங்கள் யோசனை மாறத் தொடங்கியது. பட்டியலில் பெயர் இருந்ததால் எங்களை அழித்தார்கள். அதே நேரம், பட்டியலில் பெயர் இருந்ததால்தான் அழிந்தவர்களைப் பற்றிக் கேட்க முடிகிறது. இரண்டும் உண்மை.

கனடாவில் எப்படி எண்ணுகிறார்கள்?

இந்த மண்ணில் முதலாவது கணக்கெடுப்பை 1666 இல் ஜோன் ரலோன் என்பவர் நடத்தினார். அப்போது இது பிரெஞ்சுக் குடியேற்றம். ஐரோப்பியக் குடியேற்றவாசிகள் 3,215 பேர் என்று எழுதினார். பூர்வீக மக்களை அவர் அந்தத் தொகையில் சேர்க்கவில்லை. இங்கேயும் விடுபட்டவர்களோடுதான் கணக்கு ஆரம்பித்தது.

இப்போது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஒன்றிலும் ஆறிலும் முடிகிற ஆண்டுகளில், மே மாதத்தில் எண்ணுகிறார்கள். நாலு வீட்டில் மூன்றுக்குச் சின்னப் படிவம். வயது, ஆணா பெண்ணா, வீட்டில் யார் யார், என்ன மொழி என்ற அளவோடு முடிந்துவிடும். நாலில் ஒரு வீட்டுக்குப் பெரிய படிவம். பிறந்த நாடு, படிப்பு, என்ன வேலை, வேலைக்கு எதிலே போகிறீர்கள், வீடு திருத்த வேலை தேவைப்படுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். 2016 இலிருந்து வருமானத்தைக் கேட்பதில்லை. வரித் திணைக்களத்திலிருந்து அந்த விபரத்தை எடுக்கிறார்கள். ஆனால் படிவத்தில் நீங்கள் எழுதுவது திரும்பி வரித் திணைக்களத்துக்குப் போவதில்லை. பாதை ஒரு வழிப் பாதை.

எங்களுக்கு மிகவும் முக்கியமான ஒன்று: 1991 இலிருந்து அகதிக் கோரிக்கையாளரையும் வேலை அனுமதியில் இருப்போரையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். பி. ஆர். கிடைக்கவில்லை, கேஸ் முடியவில்லை என்பதெல்லாம் இதற்குத் தடையல்ல. தனி வாசலோடு இருக்கும் பேஸ்மென்ற் தனி வீடாகவே கணக்கிடப்படும்.

எழுதியதை யார் பார்க்கலாம்? புள்ளிவிபரச் சட்டத்தின்படி சத்தியம் செய்த உத்தியோகத்தர் மட்டுமே. குடிவரவுப் பகுதியோ, பொலிசோ, வீட்டுக்காரரோ கேட்டாலும் கொடுக்க முடியாது. வெளியே விடும் உத்தியோகத்தருக்குத் தண்டப் பணமும் மறியலும் உண்டு. வெளியிடும் தொகைகளையும் 0 அல்லது 5 இல் முடியும்படி மாற்றித்தான் வெளியிடுவார்கள். ஒரு வீதியில் மூன்று தமிழர் இருந்தால் அந்த 'மூன்று' வெளியே வராது. ஒல்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்ததை இந்த உலகம் கொஞ்சமாவது படித்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

சட்டம் என்றென்றும் இப்படியே இருக்குமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்தச் சட்டத்தையும் மாற்றலாம். அதனால்தான் கணக்கெடுப்பை ஒளித்துத் தப்புவதிலும் பார்க்க, சட்டத்தைக் காவல் காப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

மக்கள் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்த நாடு ஒரு முறை பார்த்தது. 2011 இல் பெரிய படிவத்தை விரும்பினால் நிரப்பலாம் என்று ஆக்கினார்கள். அந்த முடிவு வந்தபோது, 2010 யூலையில், புள்ளிவிபரத் திணைக்களத் தலைவர் முனீர் ஷேக் பதவியை விட்டே விலகினார். படிவம் போன வீடுகளில் நூற்றுக்கு 69 அளவில்தான் பதில் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய இடங்களுக்கு விபரமே வெளியிட முடியாமற் போனது. 2016 இல் பழையபடி கட்டாயமாக்கினார்கள்.

தபாற் குறியீடும் தடுப்பூசியும்

எண்களை ஓர் இடத்தோடு பொருத்தினால்தான் அவற்றுக்கு உயிர் வரும். அதற்காக நாட்டை நானூறு முதல் எழுநூறு பேர் வாழும் சின்னச் சின்னத் துண்டுகளாக வரைபடத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தொடர்மாடி ஒன்றே ஒரு துண்டாக இருக்கலாம். எங்கே பஸ் கூட விட வேண்டும், எங்கே பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்பதற்கு அந்தத் துண்டுகளைப் பார்ப்பார்கள். பாராளுமன்றத் தொகுதிகளையும் பத்து வருடத்துக்கு ஒரு முறை இந்தக் கணக்கை வைத்தே வகுப்பார்கள். 2021 ஆம் ஆண்டுக் கணக்கின் பின் 338 தொகுதிகள் 343 ஆகின.

கொரோனாக் காலத்தில் இதை நாங்கள் கண்ணால் கண்டோம். மற்றவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்தபோது நாங்கள் பக்ரறியில் தோளோடு தோள் நின்று பெட்டி அடுக்கினோம். ரொறன்ரோ மாநகரம் 2020 மே மாதத்தில் நோயாளரின் இனப் பின்னணியையும் வருமானத்தையும் கேட்டுப் பதியத் தொடங்கியது. யூலை மாதத்தில் வந்த கணக்கின்படி நோய் பிடித்தோரில் நூற்றுக்கு 83 பேர் வெள்ளையர் அல்லாதோர். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நகரத்தில் அவர்கள் நூற்றுக்கு 52 பேர்தான் என்பது தெரிந்தால்தான் அநியாயம் விளங்கும். அந்த 52 குடிசன மதிப்பிலிருந்து வந்தது.

2021 ஏப்ரலில் ஒன்ராறியோ அரசு தபாற் குறியீட்டின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்து, நோய் கூடிய பகுதிகளில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் முன்னுரிமையாகத் தடுப்பூசி போடத் தொடங்கியது. எங்கள் வேலைத்தலத்திலும் பலர் அப்படித்தான் நேரத்தோடு ஊசி போட்டார்கள். யாரோ வரைபடத்தையும் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததால் கிடைத்த நன்மை அது.

நாம் எழுத வேண்டியது என்ன?

மேடைகளில் கனடாவில் மூன்று இலட்சம் தமிழர் என்று முழங்குகிறோம். தமிழைத் தாய்மொழியாகப் படிவத்தில் எழுதியவர்களின் தொகை ஒரு முறையாவது அந்த அளவை எட்டியதில்லை. மேடைக் கணக்கை யாரும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. எங்கே கணக்கு நழுவுகிறது என்று பார்த்தால் மூன்று இடங்கள் தெரிகின்றன.

முதலாவது, பேஸ்மென்றிலும் அறைகளிலும் வாடகைக்கு இருக்கும் தனி ஆட்கள். மேல்வீட்டுக்காரர் தன் குடும்பத்தை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்.

இரண்டாவது, பிள்ளைகள். 'சிறுவயதில் வீட்டில் முதலில் கற்று, இப்போதும் விளங்கும் மொழி' என்பதுதான் தாய்மொழிக் கேள்வி. பிள்ளை இப்போது எதிலே கதைக்கிறது என்பது அல்ல. அம்மம்மா தாலாட்டிய மொழி தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதலாம். 'பள்ளிக்கூடத்தில் பிரச்சினை வரும், இங்கிலீஷ் என்று போடுவோம்' என்று நினைப்பது வீண். பள்ளிக்கூடம் அந்தப் படிவத்தைக் காணாது.

மூன்றாவது, பூர்வீகம் பற்றிய கேள்வி. பெரிய படிவத்தில் வரும். 'சிறீலங்கன்' என்று மட்டும் எழுதினால் தமிழ் என்ற கணக்கில் அது சேராது. ஒன்றுக்கு மேற்பட்ட பதில் எழுத இடமுண்டு. என்ன எழுதுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து எழுத வேண்டும்.

2021 மே மாதத்தில் மீண்டும் கடிதம் வந்தது. அப்போது அந்த வீட்டில் நாங்கள் நாலு பேர். ஒருவன் கலியாணம் செய்து போய்விட்டான், இன்னொருவன் வேலை தேடி அல்பேர்ட்டாவுக்குப் போனான். கடிதத்தில் இருந்த 16 இலக்கத்தைப் போனில் அடித்து, பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினோம். பத்து நிமிடமும் ஆகவில்லை. தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று நாலு தரம் எழுதினோம். வீட்டுக்கார அண்ணைக்குச் சொன்னபோது முதலில் முகம் கறுத்தார். சட்டத்தை விளக்கிச் சொன்ன பிறகு, "அப்ப மேலே நாங்கள் ஐஞ்சு பேர் எண்டு நானும் எழுதத்தானே வேணும்?" என்று கேட்டார். அவர் அதுவரை ஒரு முறையும் எழுதியதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது!

ஊரில் எங்கள் பெயரைப் பட்டியலில் கண்டு தேடி வந்தார்கள். வன்னியில் எங்கள் தொகையைக் குறைத்துச் சொல்லிப் பட்டினி போட்டார்கள். இந்த இரண்டையும் அனுபவித்த சனம் நாம். கணக்கின் பெறுமதி எம்மை விட வேறு யாருக்குத் தெரியும்? அடுத்த முறை கதவு தட்டப்படும்போது யார், எதற்கு என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் லைற்றை நிற்பாட்டாதீர்கள்.